யாரும் சாவி கேட்கவில்லை

மார்ச் 4

அண்ணிக்கு,

'அன்புள்ள' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும்.

போனில் பேசினால் கத்திவிடுவேன். விடுதி போன் வார்டன் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் கத்துவதைக் கேட்டு அவர் இரண்டு வாரத்துக்குப் பிழைப்பு நடத்துவார். அதனால்தான் கடிதம்.

ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். போன மாதம் போலீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்தார்களே, அவர்களை உள்ளே விட்டது யார்? நான் அப்போது குடிநீர் நிலையத்துப் பரிசோதனைக் கூடத்தில் வேலையாக இருந்தேன். அங்கேயே வந்து, எல்லோரும் பார்க்க என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறினால் காலடியில் என் பாட்டில்கள் உருண்டுகொண்டிருந்தன. என் அலமாரியில் பூட்டி வைத்த பாட்டில்கள்.

அவற்றில் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. தண்ணீர்தான். சாயப்பட்டறைப் பக்கத்துத் தெருக்களில் குழாயில் பிடித்தது. எங்கள் தலைமை அதிகாரி அதையெல்லாம் கை கழுவும் தொட்டியில் கொட்டச் சொல்வார். ஆபீஸ் குழாயிலேயே வேறு தண்ணீர் பிடித்து, 'குடிக்க ஏற்றது' என்று எழுதச் சொல்வார். நான் எழுதத்தான் எழுதினேன். ஆனால் கொட்ட மனசு வரவில்லை. ஒவ்வொன்றாகப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாட்டில் ஆபீஸ் சொத்தாம். அதனால் நான் திருடி. வேலை நின்றுவிட்டது, வழக்கு நடக்கிறது. தீர்ப்பு எனக்கு எதிராக வந்தால் ஜெயில்.

எனக்காக ஆஜராகும் வக்கீலம்மா சொல்வது இதுதான். நீதிபதியின் உத்தரவு இல்லாமல் ஒருவர் வீட்டுக்குள் போலீஸ் நுழைந்து தேடக்கூடாதாம். சாதாரணச் சட்டம்கூட இல்லை, அரசியல் சட்டமே சொல்கிறதாம். வந்தவர்களிடம் உத்தரவு இல்லை. வீட்டில் இருந்தவர் மனமொப்பி உள்ளே அழைத்திருந்தால் மட்டும் கதை வேறு. முன்னறை உங்கள் தையல் கடை. அங்கே யார் வேண்டுமானாலும் வரலாம். திரைக்கு அந்தப் பக்கம் நம் வீடு. அந்தத் திரையை விலக்கியது யார்? அலமாரிப் பூட்டை எப்படித் திறந்தார்கள்?

அண்ணன் என்னை வீட்டைவிட்டுப் போகச் சொன்னபோது நீங்கள் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தீர்கள். தலையைத் தூக்கவே இல்லை. அதையும் நான் மறக்கவில்லை.

நாத்தனார்


மார்ச் 9

அன்புள்ள மைனாவுக்கு,

நீ 'நாத்தனார்' என்று கையெழுத்துப் போட்டால் நானும் 'நாத்தனாருக்கு' என்று ஆரம்பிக்க வேண்டுமா? நீ வாய் ஓயாமல் பேசுகிறவள் என்று இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நான்தான் மைனா என்று பேர் வைத்தேன். அதை மாற்ற மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். விடுதித் தலையணை உனக்கு ஒத்துக்கொள்ளாது, கழுத்து பிடித்துக்கொள்ளும். மிச்சத் துணியில் ஒன்று தைத்து வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் போனால் கொடுத்தனுப்புகிறேன். இங்கே வேலை குறைந்துவிட்டது. பள்ளிச் சீருடை ஆர்டர் இந்த வருஷம் வேறு கடைக்குப் போய்விட்டது. மூலைக் கடைக்காரர் மனைவி தைக்கக் கொடுத்த கவுன் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். தைக்க நேரம் ஆகுமாம். என்னிடம் என்றைக்கு நேரம் ஆகியிருக்கிறது?

உங்கண்ணன் பஸ் டிப்போவிலிருந்து வந்ததும் ரேடியோவை வைத்துக்கொள்கிறார். உன் பேச்சை எடுத்தால் சத்தத்தைக் கூட்டுகிறார். கோபம் என்று நினைக்காதே, டிப்போவில் நாலு பேர் கேட்கிறார்கள், தலை குனிந்துபோகிறார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அவர்கள் பாட்டுக்குத் திரையைத் தள்ளிக்கொண்டு நுழைந்துவிட்டார்கள். மூன்று ஆம்பிளைகள். நான் ஒருத்தி என்ன செய்ய முடியும்? 'வேண்டாம், வேண்டாம்' என்று சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்?

தலையணைக்கு நீல உறை போட்டிருக்கிறேன்.

உன் அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணி,

முதலில் என்னை மன்னியுங்கள். ஒரு மாதமாக உங்களை மனசுக்குள் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன், திட்டிக்கொண்டே தூங்கினேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். என் அறைத்தோழி, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தேன். புத்தி எங்கே போகும்?

கடிதத்தை வக்கீலம்மாவிடம் காட்டினேன். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை, அன்றைக்குச் சிரித்தார். வீட்டுக்காரி வேண்டாம் என்று சொல்லியும் தள்ளிக்கொண்டு நுழைந்திருந்தால் அந்தச் சோதனையே செல்லாதாம். சோதனை செல்லாவிட்டால் பாட்டில்களைக் கோர்ட்டில் காட்ட முடியாது. பாட்டில் இல்லாவிட்டால் திருட்டும் இல்லை.

போலீஸ் தரப்பில், நீங்களே 'வாங்க' என்று கூப்பிட்டதாக எழுதியிருக்கிறார்களாம். கூப்பிட்டீர்களாம்! வாசலில் நிற்கும் பூனைக்குக்கூட மூன்று கேள்வி கேட்கிற அண்ணி!

ஏப்ரல் முதல் வாரம் நீங்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டும். எனக்கு எழுதியதை அப்படியே சொன்னால் போதும். பூட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. உடைத்திருப்பார்கள், வேறு என்ன. சாவிதான் உங்கள் பொத்தான் டப்பாவில் பத்திரமாக இருக்கிறதே. என்னிடம் இருந்தால் தொலைத்துவிடுவேன் என்று உங்களிடம் கொடுத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.

அண்ணனிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். ரேடியோ சத்தத்துக்கு மேலே சொல்லுங்கள்.

உங்கள் மைனா


மார்ச் 20

மைனா,

இந்தக் கடிதத்தை வக்கீலம்மாவிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். முதலில் நீ தனியாக உட்கார்ந்து படி.

போன கடிதத்தில் எழுதியது பொய். யாரும் திரையைத் தள்ளவில்லை. 'வேண்டாம்' என்று நான் சொல்லவும் இல்லை.

அன்றைக்கு டீச்சர் வந்திருந்தார். நம் தெருக்கோடி வீட்டு டீச்சர்தான். முக்காலியில் ஏறி நின்றார், நான் கீழே உட்கார்ந்து வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு அவருடைய பாவாடை ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன். அப்போது மூன்று பேர் வந்தார்கள். முதலில் மரியாதையாகத்தான் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்புறம் டீச்சரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "உங்க வீட்டுப் பொண்ணு அலமாரில என்ன வெச்சிருக்குன்னு இங்கேயே பேசலாமா, இல்ல உள்ள போய்ப் பேசலாமா?"

டீச்சர் காது எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். நம் வீட்டில் ஊசி விழுந்தால் அவர் வீட்டில் பொறுக்குவார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. வாயிலிருந்த குண்டூசியைத் துப்பிவிட்டு, "உள்ள வாங்க" என்று சொன்னேன். நானே எழுந்து போய்த் திரையை ஒதுக்கிப் பிடித்தேன். அவர்கள் நுழைந்ததும் திரையை இழுத்து மூடினேன், டீச்சர் கண்ணில் படக்கூடாது என்று. உட்கார நாற்காலி வேறு போட்டேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான்தான்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இரண்டு நாள் இந்தக் காகிதத்தை மெஷின் டிராயரில் வைத்திருந்தேன். ஆனால் ஒரு தடவை பொய் எழுதிப் பட்டது போதும், பாதி உண்மையும் வேண்டாம்.

நீ சாயங்காலம் வரும்போதெல்லாம் உன் பையில் கண்ணாடி மோதுகிற சத்தம் கேட்கும். நேராக அறைக்குப் போவாய், அலமாரி திறக்கும், பூட்டும். பிறகு சிரித்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஆபீஸ் கதை சொல்வாய். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நீ குடிக்கிறாய் என்று நினைத்தேன். எவனோ பழக்கிவிட்டிருக்கிறான் என்றும் நினைத்தேன். உங்கண்ணனிடம் சொல்லவில்லை. உன்னிடம் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். கேட்காமல் மனசுக்குள் வைத்து வளர்த்தேன்.

இன்ஸ்பெக்டர் உன் அலமாரி முன்னால் நின்று பூட்டை ஆட்டிப் பார்த்தார். கூட வந்தவரிடம், மேலதிகாரியைக் கேட்டுவிட்டு நாளைக்கு வரலாம் என்றார். திரும்பிக்கூட விட்டார்கள். நான்தான் போய்ப் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்துச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

யாரும் சாவி கேட்கவில்லை, மைனா. இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. போலீஸ் பக்கத்தில் நிற்கும்போது திறந்தால் அது போலீஸ் திறந்ததாகிவிடும், என் பேரில் பழி வராது என்று ஒரு நினைப்பு. அந்த நேரத்தில் அவ்வளவு கணக்கு என் புத்தியில் ஓடியிருக்கிறது பார்.

திறந்தால் வரிசையாகக் கலங்கல் தண்ணீர். ஒவ்வொன்றிலும் தெருப் பேர் எழுதி ஒட்டியிருந்தாய். அதில் ஒன்று நம் தெரு.

இதைக் கோர்ட்டில் எப்படிச் சொல்வேன்? சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். உங்கண்ணனுக்கு இன்னும் தெரியாது.

அண்ணி


மார்ச் 24

அண்ணி,

நீங்கள் எழுதியதை வக்கீலம்மாவிடம் காட்டவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

எனக்குக் குடிப்பழக்கம், கூடவே ஒருவன். நல்ல கற்பனை. நீங்கள் தையல் மெஷினில் வீணாகிப் போகிறீர்கள்.

அப்பா அம்மா போன பிறகு நான் சாவி கொடுத்து வைத்தது உங்களிடம் மட்டும்தான். அதைப் பற்றி இனிமேல் எழுத ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் முதல் கடிதத்தில் எழுதியதையே கோர்ட்டில் சொல்லுங்கள். தள்ளிக்கொண்டு நுழைந்தார்கள், பூட்டை அவர்களே ஏதோ செய்து திறந்தார்கள், அவ்வளவுதான். டீச்சர் திரைக்கு இந்தப் பக்கம் நின்றவர், அவருக்கு என்ன தெரியும்? எனக்குச் செய்ததற்குப் பதிலாக இதையாவது செய்யுங்கள். ஒரு பொய்தானே. எனக்கு எழுதும்போது எவ்வளவு சுலபமாக வந்தது!


மார்ச் 29

மைனா,

சம்மன் வந்துவிட்டது. உங்கண்ணன் கையில்தான் கொடுத்தார்கள். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரேடியோவை நிறுத்தினார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

நான் வருவேன். அங்கே நின்றதும் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. நீ கேட்டபடி சொல்ல வேண்டும் என்றுதான் பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிச் சொல்லிப் பழகுகிறேன். ஒவ்வொரு தடவையும் 'தள்ளிக்கொண்டு' என்ற இடத்தில் நின்றுபோகிறது.

அண்ணி


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணி,

சாட்சி சொல்லி முடித்ததும் என் பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போய்விட்டீர்கள். ஓடி வந்து கூப்பிட்டிருக்கலாம். நான் வரவில்லை. நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அண்ணனிடம் வக்கீலம்மா போனில் சொல்லியிருப்பார், 'ஜெயித்தாச்சு' என்று. அதை மட்டும் கேட்டு நீங்கள் என்னவென்று புரிந்துகொள்வீர்கள்?

நீங்கள் கூண்டில் ஏறியபோது உங்கள் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். வக்கீலம்மா, "அவங்க எப்படி உள்ள வந்தாங்க?" என்று கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, 'தள்ளிக்கொண்டு, தள்ளிக்கொண்டு' என்று மனசுக்குள் உங்களுக்கு எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் நாடாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டே, "நான்தாங்க வரச் சொன்னேன்" என்றீர்கள்.

வக்கீலம்மா முகம் சுண்டிப்போயிற்று. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது எனக்கு.

போலீஸ் வக்கீலுக்கு வாயெல்லாம் பல். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் கதவுகூட இல்லை, வெறும் துணி, அதையும் இந்த அம்மாவே விலக்கினார், சாவியையும் தானாகக் கொடுத்தார் என்று அடுக்கினார். நீங்கள் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றீர்கள். இன்ஸ்பெக்டர் டீச்சர் முன்னால் கேட்ட கேள்வியை அவர் கேட்ட மாதிரியே சொன்னீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த டீச்சர் குனிந்துகொண்டார். பாட்டில் சத்தம் கேட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்பதையும் சொன்னீர்கள். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். நீங்கள் நிறுத்தவில்லை.

அப்போதுதான் நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு உங்களைக் கேட்டார். அலமாரி யாருடையது, சாவி யாருடையது என்று. நாத்தனாருடையது என்றீர்கள். திறந்துகொள்ள அனுமதி கொடுத்திருந்தாளா என்றார்.

"இல்லீங்க. பத்திரமா வெச்சுக்கத்தான் குடுத்தா. திறக்கறதுக்குக் குடுக்கல."

"அப்ப எந்த உரிமையில திறந்தீங்க?"

"எனக்கு எந்த உரிமையும் இல்லீங்க. அதான் வெக்கமா இருக்கு."

அதைச் சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள்.

சாயங்காலம் உத்தரவு வாசித்தார். எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். கதவோ துணியோ, வீடு வீடுதானாம். மானத்தைக் காட்டி மிரட்டி, தெருவிலா உள்ளேயா என்று கேட்டு வாங்கியதற்குச் சம்மதம் என்று பேரில்லையாம். மாட்டேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு என்று அவர்கள் சொல்லவும் இல்லையாம். அப்புறம் சாவிக்கு வந்தார். அந்த அம்மாளுக்கே இல்லாத உரிமையை அவர் போலீஸுக்கு எப்படிக் கொடுத்திருக்க முடியும் என்று கேட்டார். சோதனை செல்லாது, வழக்கு தள்ளுபடி.

அண்ணி, நீங்கள் நான் கேட்ட பொய்யைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? டீச்சரைப் போலீஸ்தான் சாட்சிக்குக் கொண்டுவந்திருந்தது. நீங்கள் 'உள்ள வாங்க' என்றதை அவர் காதால் கேட்டவர். அந்த ஒரு பொய்யோடு நம் கதை முடிந்திருக்கும். நான் ஜெயிலில் இருந்து எழுதிக்கொண்டிருப்பேன், நீங்கள் பக்கத்து அறையில்.

உங்களைப் பொய் சொல்லச் சொன்னவள் நான். அதுவும் எந்த நான்? கெட்ட தண்ணீரை நல்ல தண்ணீர் என்று எழுதச் சொன்னதற்காகத்தானே இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தேன். எங்கள் அதிகாரி என்னிடம் சொன்னதையே நான் உங்களிடம் சொன்னேன். வேறு பாட்டிலில் பிடித்துக் கொடு என்றேன். கூண்டில் நீங்கள் நாடாவைச் சுருட்டச் சுருட்ட எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதனால்தான் ஓடி வரவில்லை. உங்கள் பேரில் கோபத்தில் இல்லை.

பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சிலது உடைந்திருக்கிறது. மிச்சத்தை வக்கீலம்மா வேறு ஊர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார். என் வேலை திரும்பக் கிடைக்குமா என்று தெரியாது. சாவியையும் ஒரு உறையில் போட்டு என்னிடமே தந்தார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு வரலாம் என்று இருக்கிறேன். முன்னறை கடைதானே, அதுவரை வர எனக்கு யார் உத்தரவும் வேண்டாம். திரைக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் கூப்பிட்டால் உள்ளே வருவேன். கூப்பிட மனசில்லாவிட்டால் ஒரு பாவாடைக்கு அளவு கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் மைனா


ஏப்ரல் 16

அன்புள்ள மைனா,

ஜெயித்தாச்சு என்று உங்கண்ணன் வந்து சொன்னபோது மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம்தான். ஆனால் எதனால் ஜெயித்தது என்று உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு உரிமை இல்லை என்று நானே சொன்னதால் ஜெயித்திருக்கிறது. அது தீர்ப்பில் எழுதி இருக்குமாம். நாளைக்கு வேறு எவளுக்காவது இப்படி ஒரு வழக்கு வந்தால் வக்கீல்கள் அதை எடுத்து வாசிப்பார்களாம். அவளுக்கு நல்லது நடக்கட்டும். என்னைப் பொறுத்தவரை, ஒருத்தி நம்பிக் கொடுத்த சாவியை இன்னொருத்தி எடுத்துத் திறந்தாள் என்று சர்க்கார் முத்திரை குத்தி வைத்திருக்கிறது. அது சரிதான். இருக்கட்டும்.

டீச்சர் நேற்று வந்தார், ஓரம் அடிக்காமல் பாதியில் நின்ற பாவாடையோடு. மன்னிப்பும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. முக்காலியில் ஏறி நின்றார். நான் குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் பேசாமல் இருக்க அது வசதியாக இருந்தது.

உங்கண்ணன் உன் அறை மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஏன் என்று கேட்டதற்குத் தூசி என்றார். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும் ஆரம்பித்திருக்கிறார், யாரிடமும் சொல்லாமல்.

திரையை எடுத்துவிட்டுக் கதவு போட்டுவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு என்னால் சொல்ல முடியாமல் போன வார்த்தைக்குத் துணி என்ன செய்யும்?

நீ வெளியே உட்கார்ந்திருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு வேறு யோசனையே இல்லை. நீ வந்து நிற்கும்போது எந்த வார்த்தையைச் சொல்லிக் கூப்பிடுவது? அந்த இரண்டு வார்த்தையை இந்த வாயால்தான் அவர்களிடம் சொன்னேன். அதையே உன்னிடம் சொல்ல நாக்கு கூசுகிறது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன். நம்மிடம் வேறு இல்லை.

உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது. நீ வருகிற அன்றைக்கும் நான் மெஷினைப் பார்த்துக்கொண்டு குனிந்தேதான் இருப்பேன், உனக்கே தெரியும். முக்காலியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்காதே. சாவியை உன்னிடமே வைத்துக்கொள், என்னிடம் தராதே. பையை எடுத்துக்கொண்டு நேராக வந்துவிடு. அன்றைக்கு வாசலில் சொல்ல வேண்டியதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

உள்ளே வா.

அண்ணி